யாழ்ப்பாணத்தின் கடைசிப் புள்ளி எங்கே போகிறது?

ரசீதில் ஊர்ப்பெயரை 10 எழுத்தோடு வெட்டினால் 'யாழ்ப்பாணம' என்று வருகிறது, புள்ளியைக் காணவில்லை என்று கேட்டிருந்தீர்கள். எழுத்துருவில் பிழை இல்லை. நமக்கு 'யாழ்ப்பாணம்' 6 எழுத்து. பைத்தான் நிரல்மொழியில் நீளத்தை எண்ணும் லென் (len) 11 என்று சொல்லும். கணினி எழுத்துகளைச் சேமிக்கும் யூனிகோடு முறையில் அரவும் (ா) புள்ளியும் தனித்தனிக் குறிகள், 'ழ்' என்பதே இரண்டு. பத்தோடு நிறுத்தினால் கடைசிப் புள்ளி வெளியே நின்றுவிடும்.

பைத்தான் தொகுதிகளை நிறுவும் பிப் (pip) மூலம் ரெஜெக்ஸ் (regex) தொகுதியை நிறுவுங்கள் (பைத்தானோடு வரும் ஆர்இ (re) தொகுதி இதற்குப் போதாது). அதன் ஃபைன்ட்ஆலுக்கு (findall) ஊர்ப்பெயரோடு பேக்ஸ்லாஷும் பெரிய எக்ஸும் (\X) கொடுத்தால் முழு எழுத்துகளாகப் பிரித்துத் தரும். அப்புறம் வெட்டுங்கள். 'ஸ்ரீ', 'க்ஷ' போன்றவை இரண்டாகப் பிரியும், கவனம்.

நானும் முன்பு ஆங்கிலப் பெயர்களை வைத்தே சோதிப்பேன், எல்லாம் சரியாகத்தான் வரும். இப்போது என் முதல் சோதனையே 'நல்லூர்', 'சாவகச்சேரி' தான்.