மவுன்ஜாரோவா, வெகோவியா? எந்த ஊசியில் எடை அதிகம் குறையும்?

கேள்வி: சிங்கப்பூர் ஈசூனில் வசிக்கிறேன். வயது 43, எடை 88 கிலோ, உயரம் 160 செ.மீ. சர்க்கரை நோய் இல்லை. எடை குறைக்கும் ஊசி போடலாம் என்கிறார் டாக்டர். மவுன்ஜாரோ, வெகோவி இரண்டில் எது நன்றாக வேலை செய்யும்? டெலிகிராமில் பாதி விலைக்குக் கிடைக்கிறது என்கிறார் அலுவலகத் தோழி. என் கணவருக்குச் சர்க்கரை நோய் உண்டு. அவரும் அதே ஊசியைப் போட்டுக்கொள்ளலாமா?

பதில்: எடை மட்டும்தான் கணக்கு என்றால் மவுன்ஜாரோ. இரண்டையும் நேருக்கு நேர் ஒப்பிட்ட ஆய்வு 2025இல் வெளியானது. அதில் இருந்தவர்கள் உங்களைப்போல் சர்க்கரை நோய் இல்லாதவர்கள். 72 வாரங்களில் மவுன்ஜாரோவின் மருந்தான டிர்ஸெபடைட் சராசரியாக 20.2 விழுக்காடு எடையைக் குறைத்தது, வெகோவியில் உள்ள செமாக்ளூடைட் 13.7 விழுக்காடு. உங்கள் 88 கிலோவில் அது ஏறத்தாழ 18 கிலோ, 12 கிலோ. தினமும் போடவேண்டிய இன்னொரு எடைக்குறைப்பு ஊசியான சாக்ஸெண்டா இவற்றுக்கு வெகுவாகப் பின்தங்கியது.

வாரம் ஒருமுறை போடும் இந்த இரண்டுமே வயிற்றைப் படுத்தும். குமட்டல், வாந்தி, மலச்சிக்கல் வரும். அதனால்தான் குறைந்த அளவில் தொடங்கி, நான்கு வாரத்துக்குக் குறையாமல் இடைவெளி விட்டுப் படிப்படியாக ஏற்றுகிறோம். கருத்தடை மாத்திரை சாப்பிடுபவர் என்றால் டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். மவுன்ஜாரோ தொடங்கிய பிறகும், ஒவ்வொரு முறை அளவை ஏற்றிய பிறகும், 4 வாரங்களுக்கு மாத்திரையை மட்டும் நம்பக் கூடாது.

டெலிகிராம் விஷயத்துக்கு வருகிறேன். தயவுசெய்து வேண்டாம். மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்து இது. பிரிக்காத ஊசிப் பேனாவை 2 முதல் 8 டிகிரி குளிரில் வைத்திருக்க வேண்டும். யாரோ ஒருவர் பையில் போட்டு, நம் வெயிலில் எம்ஆர்டி ரயில் நிலையத்தில் கைமாற்றும் பேனா எங்கெங்கே கிடந்தது என்று யாருக்குத் தெரியும்? 2023இல் ஆஸ்திரியாவில் போலி ஓசெம்பிக் (இதுவும் செமாக்ளூடைட் ஊசிதான்) போட்டவர்கள் சர்க்கரை ஒரேயடியாக இறங்கி மருத்துவமனையில் சேர்ந்தார்கள். உள்ளே இன்சுலின் இருந்திருக்கலாம் என்று சந்தேகித்தார்கள். ஒரே பேனாவை நாலு பேருக்குப் பங்குபோட்டு விற்பவர்களும், பொடியை அனுப்பி நீங்களே கலந்துகொள்ளுங்கள் என்பவர்களும் இன்னும் ஆபத்தானவர்கள்.

மூன்று மாதத் தொகையை முன்கூட்டியே கட்டச் சொல்லும் பேக்கேஜுக்கும் தலையாட்டாதீர்கள். மூன்றாவது வாரமே வாந்தி தாங்காமல் நிறுத்த நேர்ந்தால் அந்தப் பணம் போனதுதான். அதற்குப் பயந்தே உடம்பு கேட்காதபோதும் ஊசியைத் தொடர்பவர்களை நான் பார்க்கிறேன். மாதாமாதம் வாங்குங்கள். ஒரு வருடத்துக்கு மேல் கட்டுப்படியாகுமா என்று முதலிலேயே கணக்குப் பாருங்கள். செமாக்ளூடைட்டை நிறுத்தியவர்களுக்கு, குறைந்த எடையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு ஓராண்டில் திரும்பிவிட்டது.

இந்தச் செலவு விஷயத்தில் எனக்குப் பொறுமை இல்லை. சர்க்கரை நோய் வந்த பிறகு மருத்துவச் சேமிப்புக் கணக்கான மெடிசேவ் கைகொடுக்கிறது. அது வராமல் தடுக்க எடையைக் குறைக்க நினைப்பவரோ பெரும்பாலும் கைக்காசைத்தான் போட வேண்டியிருக்கிறது. உடல் பருமன் ஒரு நோய் என்று மேடையில் பேசுகிறோம். பணம் கட்டும் இடத்தில் அது அழகு சமாச்சாரம் ஆகிவிடுகிறது.

உங்கள் கணவர் கதை வேறு. மேலே சொன்ன எண்கள் அவருக்குப் பொருந்தாது. சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு எடை குறைவாகத்தான் இறங்கும். அவர்களிடம் தனியாக நடந்த ஆய்வுகளில் செமாக்ளூடைட் 9.6 விழுக்காடும், முழு அளவு டிர்ஸெபடைட் 14.7 விழுக்காடும்தான் குறைத்தன. அவர் இன்சுலின் போடுகிறாரா? கிளிக்லசைட், கிளிபிசைட் போன்ற மாத்திரை எடுக்கிறாரா? அப்படியென்றால் ஊசி தொடங்கும்போதே அவற்றின் அளவைக் குறைக்க வேண்டியிருக்கலாம். அதைச் செய்யாவிட்டால் சர்க்கரை இறங்கி மயங்கி விழலாம். கண் பரிசோதனையும் முடித்திருக்க வேண்டும். விழித்திரையில் ஏற்கெனவே பாதிப்பு இருந்தால், சர்க்கரை வேகமாக இறங்கும்போது அது மோசமாகலாம். இதையெல்லாம் பலதுறை மருந்தகத்தில் அவரைப் பார்க்கும் டாக்டர்தான் முடிவுசெய்ய வேண்டும். ஊசிமுனையை மாற்றினாலும் ஒருவர் பேனாவை இன்னொருவர் பயன்படுத்தக் கூடாது, ரத்தத்தின் வழியே தொற்று பரவும். அவருக்கு அவர் பெயரில் தனிச் சீட்டு, தனிப் பேனா.