சீனக்குடாவில் இருந்த அப்பப்பாவை எங்கே தேடுவது?

இரண்டாம் உலகப் போரில் விமானப்படையில் இருந்த சொந்தக்காரரைத் தேடுகிறவர்கள் கேளுங்கள் என்றேன், திருகோணமலையிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் கேள்விகள் குவிந்துவிட்டன. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துவிட்டேன்.

அண்ணா, அம்மப்பா பைலட் என்றுதான் வீட்டில் சொல்வார்கள். சீருடையில் ஒரு பழைய படம் மட்டும் இருக்கிறது. அதை வைத்து ஏதாவது செய்யலாமா? (உவர்மலை)

நிறையச் செய்யலாம் தங்கச்சி. படத்தைப் பெரிதாக ஸ்கேன் பண்ணி முதலில் இடது மார்பைப் பாருங்கள். இரண்டு பக்கமும் சிறகு விரிந்திருந்தால் பைலட். ஒற்றைச் சிறகு என்றால் விமானத்தில் பறந்த மற்றவர்களில் ஒருவர்: சிறகடியில் AG என்ற எழுத்து இருந்தால் துப்பாக்கி வீரர், N என்றால் வழிகாட்டி. மார்பில் ஒன்றுமில்லையா, கையைப் பாருங்கள். மின்னலைப் பிடித்த முஷ்டி வயர்லஸ்காரரின் அடையாளம். இரட்டை இதழ் புரொப்பெல்லர் என்றால் லீடிங் எயர்கிராப்ட்மன் என்ற தரம், அதாவது தரையில் நின்றவராக இருக்கவே அதிக வாய்ப்பு. வீட்டுக் கதையில் எல்லோரும் பைலட்தான்! ஒரு விமானம் பறக்கப் பின்னால் ஒரு கூட்டமே ஸ்பானரும் எண்ணெய்த் துணியுமாக நிற்கவேண்டும், அதில் குறைச்சல் ஒன்றுமில்லை. படத்தின் பின்பக்கத்தையும் திருப்பிப் பாருங்கள். ஸ்டூடியோ முத்திரை, பென்சிலில் எழுதிய இலக்கம் எல்லாம் அங்கேதான் கிடக்கும்.

லண்டனுக்கு எழுதினால் முழு விபரமும் தருவார்களா? (நிலாவெளி)

ஆர்.ஏ.எப்.பில், அதாவது பிரித்தானிய விமானப்படையில், சேர்ந்தவர் என்றால் அவருக்குத் தனிக் கோப்பு இருக்கும். பிரித்தானிய பாதுகாப்பு அமைச்சின் கையிலிருந்த பழைய படைக் கோப்புகளை 2022 முதல் லண்டன் கியூவிலுள்ள தேசிய சுவடிக் காப்பகத்துக்குக் கட்டம் கட்டமாக மாற்றி வருகிறார்கள். அதனால் அவருடையது இப்போது யாரிடம் என்று பார்த்துவிட்டு விண்ணப்பியுங்கள். மரண அத்தாட்சிப் பத்திரம் கேட்பார்கள், நெருங்கிய உறவினர் என்றால் கூடுதல் விபரம் கிடைக்கும். எல்லாவற்றுக்கும் மேலே சேவை இலக்கம். அது இருந்தால் பாதி வேலை முடிந்தது. பழைய கடித உறையிலோ சம்பளப் புத்தகத்திலோ இருக்கும். அதிகாரியாக இருந்தவர் என்றால் லண்டன் கெசட் என்ற பிரித்தானிய அரச வர்த்தமானியை இணையத்தில் இலவசமாகத் தேடலாம், நியமனம் அதில் வந்திருக்கும்.

ஆனால் அந்தக் கோப்பில் கதை இருக்காது. எந்த யூனிட்டிலிருந்து எந்த யூனிட்டுக்கு, எந்தத் தேதியில், என்ன தரம், அவ்வளவுதான். கதை வேண்டுமென்றால் ஸ்குவாட்ரன், அதாவது அவர் இருந்த விமான அணியின் நாட்குறிப்புக்குப் போகவேண்டும்.

அந்த நாட்குறிப்பு எங்கே? அப்பப்பா 1942 ஏப்ரலில் சீனக்குடாவில் இருந்தாராம். (டொரன்டோ)

அதுவும் கியூவில்தான். ஏ.ஐ.ஆர். 27 (AIR 27) என்பது ஸ்குவாட்ரன் கோப்புகளின் வரிசை, ஏ.ஐ.ஆர். 28 விமானத் தளக் கோப்புகளின் வரிசை. ஏப்ரல் 9 காலையில் ஜப்பானியர் திருமலையில் குண்டு போட்டபோது அங்குள்ள சீனக்குடா விமானத் தளத்திலிருந்து ஹரிக்கேன் போர் விமானங்களில் எழுந்தது 261ஆம் ஸ்குவாட்ரன். 273ஆம் ஸ்குவாட்ரனும் அங்கேதான் இருந்தது. இரண்டையும் பாருங்கள். நாட்குறிப்பில் படிவம் 540இல் அன்றாட நடப்பு, 541இல் ஒவ்வொரு பறப்பும்: விமான இலக்கம், பறந்தவர் பெயர், எழுந்த நேரம், இறங்கிய நேரம். பறக்காதவர் பெயர் அநேகமாக வராது, ஆனால் அவர் நின்ற தளத்தில் அன்றைக்கு என்ன நடந்தது என்பது வரும்.

இன்னொன்று, சீனக்குடாவில் கடற்படையின் விமானப் பிரிவும் இருந்தது, அவர்கள் தளத்துக்கு எச்.எம்.எஸ். பம்பாரா என்று பெயர். கப்பல் பெயர் போல இருந்தாலும் நின்றது தரையில்! பழைய கடிதத்தில் அந்தப் பெயர் இருந்தால் ஆர்.ஏ.எப். கோப்பில் தேடிப் பயனில்லை, கடற்படைப் பக்கம் போங்கள்.

என் பெரியப்பா அந்தத் தளத்தில் கூலி வேலை செய்தவர். அவர் பெயரும் இருக்குமா? (மூதூர்)

படையில் சேராமல் நாட்கூலிக்கு நின்றவருக்கு அந்தச் சேவைக் கோப்பு கிடையாது. பாஸ், சம்பளத் துண்டு, குழுப் படம் ஏதும் வீட்டில் இருக்கிறதா பாருங்கள். கொழும்பு தேசிய சுவடிக் கூடத்தில் அக்காலப் பத்திரிகைகளைப் புரட்டலாம். ஆனால் அதற்கு முன், தொண்ணூறு தாண்டிய ஒரு பெரியம்மாவோ மாமாவோ இருந்தால் இந்த வாரமே போய்ப் பேசுங்கள். சுவடிக் கூடம் அடுத்த வருடமும் திறந்திருக்கும்.

கடலில் விழுந்து உடல் கிடைக்காதவர் பெயர் உப்புவெளி மயானத்தில் இருக்குமா? (லண்டன்)

இல்லை, திருமலையிலுள்ள அந்தப் போர் மயானத்தில் இருப்பவை கல்லறைகள். நமது பிராந்தியத்தில் கல்லறை இல்லாமல் போன விமானப்படையினரின் பெயர்கள் சிங்கப்பூர் கிராஞ்சி நினைவகத்தில் வெட்டப்பட்டிருக்கின்றன. கடற்படை விமானிகள் என்றால் இங்கிலாந்தில் லீ-ஆன்-சோலன்ட். பொதுநலவாய போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் பெயர் போட்டால் இரண்டையும் ஒன்றாகவே தேடித் தரும்.

பெயர் போட்டால் ஒன்றுமே வரவில்லையே! (யாழ்ப்பாணம்)

நம் ஆட்களுக்கு இதுதான் தலையிடி. தகப்பன் பெயரைக் குடும்பப் பெயராக எழுதியிருக்கலாம், தன் பெயரையே குடும்பப் பெயராகவும் எழுதியிருக்கலாம், எழுதிய கிளாக் காதில் விழுந்தபடி எழுதியிருக்கலாம். கணபதிப்பிள்ளையை கே-யிலும் தேடுங்கள், சி-யிலும் ஜி-யிலும் தேடுங்கள், பிள்ளையைத் தனியாகப் பிரித்து பி-யிலும் ஒருமுறை பாருங்கள். சேவை இலக்கம் கிடைத்தால் இந்தக் கூத்து ஒன்றும் தேவையில்லை.