சர்க்கரைவள்ளிக்கிழங்கைப் பச்சையாகச் சாப்பிட்டால் என்ன கிடைக்கும்? கேள்வி பதில்

சர்க்கரைவள்ளிக்கிழங்கை வேகவைக்காமல் சாப்பிடுவது பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துவிட்டேன். உணவின் சத்துக்களைப் பற்றிப் படிப்பதும் சொல்லிக்கொடுப்பதும்தான் என் வேலை. மருத்துவர் சொல்ல வேண்டியதை அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

கே: முதலில் இதைச் சொல்லுங்க சார், பச்சையா சாப்பிடலாமா? மரவள்ளி மாதிரி இதிலும் விஷம் இருக்குன்னு ஒருத்தர் பயமுறுத்துறார்.

ப: சாப்பிடலாம். மரவள்ளியில் சயனைடை வெளிவிடும் சேர்மங்கள் இருப்பதால் அதைப் பச்சையாகத் தின்னக் கூடாது. சர்க்கரைவள்ளி வேறு குடும்பத்துச் செடி, அந்தச் சிக்கல் இதில் இல்லை. பச்சை நிறமேறிய உருளைக்கிழங்கில் வரும் சோலனின் என்ற நச்சின் பயமும் இதற்குக் கிடையாது. ஆனால் ‘சாப்பிடலாம்’ என்பது வேறு, ‘சாப்பிட்டால் நல்லது’ என்பது வேறு. மீதிக் கேள்விகள் எல்லாம் அந்த இரண்டாவதைப் பற்றியவைதான்.

கே: நூறு கிராம் பச்சைக் கிழங்கில் என்னென்ன எவ்வளவு இருக்கும்?

ப: ஆரஞ்சு நிறச் சதையுள்ள வகைக்குத் தோராயமாக: 86 கலோரி, தண்ணீர் 77 கிராம், கார்போஹைட்ரேட் எல்லாம் சேர்த்து 20 கிராம். அந்த 20-இல் சர்க்கரை 4 கிராம்தான், நார்ச்சத்து 3 கிராம், மீதி பெரும்பாலும் ஸ்டார்ச். புரதம் 1.6 கிராம். கொழுப்பு இல்லையென்றே வைத்துக்கொள்ளலாம். பொட்டாசியம் 337 மில்லிகிராம், மெக்னீசியம் 25, கால்சியம் 30. இவற்றோடு பி6, மாங்கனீஸ் கொஞ்சம். கலோரியில் உருளைக்கிழங்கை ஒட்டித்தான் வரும். இதைத் தனியாகத் தூக்கி நிறுத்துவது பீட்டா கரோட்டின்: 100 கிராமில் ஏறத்தாழ 8,500 மைக்ரோகிராம்.

கே: சமைத்தால் சத்து போய்விடும் என்பார்களே. அப்படியானால் வைட்டமின் ஏ பச்சையில்தானே அதிகம் கிடைக்க வேண்டும்?

ப: இல்லை, இங்கே கணக்கு தலைகீழ். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் பலர் தடுக்கி விழும் இடம் இதுதான்.

கிழங்கில் வைட்டமின் ஏ அப்படியே இருப்பதில்லை. இருப்பது பீட்டா கரோட்டின், அதை உடல்தான் வைட்டமின் ஏ ஆக மாற்றிக்கொள்கிறது. உணவிலிருந்து கிடைக்கும் 12 மைக்ரோகிராம் பீட்டா கரோட்டினுக்கு 1 மைக்ரோகிராம் வைட்டமின் ஏ என்பது பொதுவான கணக்கு. அப்படிப் பார்த்தால் 8,500-க்குச் சுமார் 700 வரும். வளர்ந்தவர்களுக்கு அமெரிக்காவில் பரிந்துரைக்கும் அளவு பெண்களுக்கு 700, ஆண்களுக்கு 900 மைக்ரோகிராம். ஆக, ஒரு நடுத்தரக் கிழங்கிலேயே ஒரு நாள் தேவை ஏறக்குறைய முடிந்துவிடுகிறது. காகிதத்தில்.

பச்சைக் கிழங்கில் அந்தக் கரோட்டின் செல் சுவர்களுக்குள் அடைபட்டுக் கிடக்கிறது. நாம் எவ்வளவு மென்றாலும் எல்லாச் செல்களும் உடைவதில்லை. உடையாத செல்லுக்குள் இருப்பது பெரும்பாலும் உடலில் சேராமல் அப்படியே வெளியே போய்விடும். வேகவைத்தால் சுவர் இளகி, கரோட்டின் வெளியே வருகிறது. சூட்டில் கொஞ்சம் அழியத்தான் செய்யும், ஆனாலும் உடலுக்குள் சேர்வது பொதுவாகக் கூடுகிறது. அடுத்தது கொழுப்பு. கரோட்டின் கொழுப்பில் கரைவது, கிழங்கிலோ கொழுப்பே இல்லை. கூடவே கொஞ்சம் எண்ணெயோ நெய்யோ கொட்டைப் பருப்போ இருந்தால்தான் குடல் ஒழுங்காக உறிஞ்சும். பச்சையாக, எதுவும் சேர்க்காமல், வெறும் வயிற்றில் தின்பவருக்குக் கிடைப்பது மேலே போட்ட கணக்கைவிடக் குறைவு.

இன்னொன்று, இதெல்லாம் ஆரஞ்சுச் சதைக்கு மட்டும். வெள்ளைச் சதையில் பீட்டா கரோட்டின் மிகக் குறைவு. ஊதாவில் இருப்பது ஆந்தோசயனின் என்ற நிறமி, அது வேறு சரக்கு, வைட்டமின் ஏ ஆக மாறாது. தோலின் நிறத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள், வெட்டிப் பாருங்கள். ஆப்பிரிக்காவில் வைட்டமின் ஏ குறைபாட்டைச் சமாளிக்க ஆரஞ்சு வகையைப் பரப்பியவர்களுக்கு 2016-இல் உலக உணவுப் பரிசு கிடைத்தது. அதுவும் சமைத்துச் சாப்பிடும் கிழங்கை நம்பி நடந்த வேலைதான்.

கே: அப்போ பச்சையா சாப்பிட்டா லாபமே இல்லையா?

ப: இருக்கிறது. வைட்டமின் சி சூட்டில் குறையும், தண்ணீரிலும் கரையும். பொட்டாசியம் சூட்டுக்கு அசையாது, ஆனால் வெட்டி வேகவைத்த தண்ணீரைக் கொட்டினால் அதோடு கொஞ்சம் போய்விடும். பச்சையில் இந்த இழப்புகள் இல்லை. ஆவியில் வேகவைத்தாலும் இழப்பு குறைவுதான், அதனால் இதற்காக மட்டும் பச்சையாகத் தின்ன வேண்டியதில்லை.

கே: எனக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. பச்சையாகத் தின்றால் சர்க்கரை ஏறாது என்று கேள்விப்பட்டேன். உண்மையா?

ப: பாதி உண்மை. பச்சைக் கிழங்கைத் துருவித் தண்ணீரில் அலசி வையுங்கள். சற்று நேரத்தில் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாக மாவு படியும். அதுதான் ஸ்டார்ச், இறுக்கமான சிறு மணிகளாக. இந்த நிலையில் செரிமான நொதிகளால் அதை வேகமாக உடைக்க முடியாது, ஒரு பங்கு செரிக்காமலே பெருங்குடலுக்குப் போகும். சூடேறும்போது மணிகள் தண்ணீரை உறிஞ்சி உப்பிக் குழைந்துவிடுகின்றன. அப்போது கிழங்கிலேயே இருக்கும் பீட்டா அமைலேஸ் என்ற நொதி அந்த ஸ்டார்ச்சை மால்ட்டோஸ் சர்க்கரையாக மாற்றத் தொடங்குகிறது. மெதுவாகச் சுட்ட கிழங்கு அவ்வளவு தித்திப்பதும், பச்சைத் துண்டு லேசாக மட்டும் இனிப்பதும் இதனால்தான்.

ஆக, பச்சையில் ஏற்றம் மெதுவாக இருக்கும். ‘ஏறாது’ என்பது தப்பு, 4 கிராம் சர்க்கரை ஏற்கெனவே உள்ளே இருக்கிறது. உங்களுக்கு நடைமுறையில் உதவுவது வேறு: சுட்டதைவிட நீரில் வேகவைத்ததன் கிளைசெமிக் குறியீடு, அதாவது ரத்தச் சர்க்கரையை எவ்வளவு வேகமாக ஏற்றும் என்ற அளவு, பொதுவாகக் குறைவு. வேகவைத்தே சாப்பிடுங்கள், அளவைக் குறையுங்கள், சாப்பிட்ட பின் உங்கள் மீட்டர் என்ன சொல்கிறது என்று பாருங்கள்.

கே: பச்சையா சாப்பிட்ட அன்னைக்கு வயிறு உப்பி, ஒரே வாயு. ஏன்?

ப: மேலே சொன்ன அந்தச் செரிக்காத ஸ்டார்ச்தான். பெருங்குடல் பாக்டீரியாக்கள் அதை நொதிக்கவைக்கும்போது வாயு உண்டாகும். பாக்டீரியாக்களுக்கு அது நல்ல தீனி, அந்த வகையில் குடலுக்கு நல்லதும்கூட. ஆனால் ஒரு முழுக் கிழங்கை ஒரே மூச்சில் தின்றால் யாருக்கும் இப்படித்தான் ஆகும். நான்கைந்து மெல்லிய துண்டுகளோடு நிறுத்துங்கள். குடல் எரிச்சல் நோய் இருந்தால் பச்சையே வேண்டாம்.

கே: ஜிம்முக்குப் போகிறேன். தினமும் பச்சைக் கிழங்கு ஸ்மூத்தி நல்லதா, அண்ணா?

ப: புரதத்துக்காக என்றால் வேண்டாம் தம்பி. இருப்பதே 1.6 கிராம். அதில் பெரும்பங்கு ஸ்போராமின் என்ற புரதம், அதற்கு டிரிப்சினைத் தடுக்கும் குணம் உண்டு. டிரிப்சின் என்பது நம் குடலில் புரதத்தைச் செரிக்கவைக்கும் நொதி. நன்றாகச் சூடாக்கினால் இந்தத் தடை பெரும்பாலும் போய்விடும், பச்சையில் அப்படியே இருக்கும். எப்போதாவது நாலு துண்டு தின்பவர் இதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். தினமும் ஒரு டம்ளர் அரைத்து, புரதப் பொடியையும் அதிலேயே கலப்பவர்தான் யோசிக்க வேண்டும். மிக்ஸியில் அரைத்தால் செல்கள் உடைந்து கரோட்டின் கொஞ்சம் கூடுதலாகக் கிடைக்கும், அதை மறுக்கவில்லை. வேகவைத்து ஆறவைத்து அரைத்தால் இரண்டு பிரச்சினையும் தீர்ந்துவிடும், குடிக்கவும் நன்றாக இருக்கும்.

கே: வெட்டியதும் தோலை ஒட்டிப் பால் மாதிரி துளித்துளியாக வருகிறது, அப்புறம் கறுத்துவிடுகிறது. கெட்டுப்போனதா?

ப: இல்லை. பால் வருவது கிழங்கின் இயல்பு, கையில் பிசுபிசுக்கும், அவ்வளவுதான். காற்றுப் பட்டதும் கறுப்பது நொதியின் வேலை. வெட்டியதும் தண்ணீரில் போட்டால் கறுக்காது.

கே: ஓரத்தில் மட்டும் பூஞ்சை. அந்த இடத்தைச் செதுக்கிவிட்டுச் சாப்பிடலாமா?

ப: கூடாது. முழுக் கிழங்கையும் தூக்கிப் போடுங்கள். பூஞ்சை தாக்கினால் கிழங்கே தற்காப்புக்காகச் சில நச்சுச் சேர்மங்களை உண்டாக்குகிறது. இப்போமியமரோன் அதில் ஒன்று, கசப்பாக இருக்கும். இந்த வகைச் சேர்மங்களால் மாடுகளுக்கு நுரையீரல் பாதித்து இறப்பு வரை போனது பதிவாகியிருக்கிறது. பூஞ்சை கண்ணுக்குத் தெரியும் இடத்தைத் தாண்டியும் இவை இருக்கலாம், சமைத்தாலும் முழுதாக அழிவதில்லை. வாயில் வைத்ததும் கசந்தால் துப்பிவிடுங்கள்.

கே: சிறுநீரகக் கல் வந்தவர்கள்?

ப: இதில் ஆக்சலேட் உண்டு, கால்சியத்தோடு சேர்ந்து கல்லாகக்கூடிய பொருள் அது. கால்சியம் ஆக்சலேட் கல் வந்தவர்கள் பச்சையாகத் தின்பதைத் தவிர்ப்பது நல்லது. வெட்டி நீரில் வேகவைத்து நீரை வடித்தால் ஆக்சலேட் ஓரளவு குறையும். பொட்டாசியத்தைக் குறைக்கச் சொல்லப்பட்டவர்கள் எந்த வடிவத்திலும் மருத்துவரைக் கேட்காமல் தொடாதீர்கள்.

கே: ஒன்பது மாதக் குழந்தைக்குப் பச்சையாகத் துண்டு போட்டுக் கொடுக்கலாமா, மேடம் ஒருவர் கொடுக்கச் சொன்னார்.

ப: வேண்டவே வேண்டாம். கடினமான துண்டு தொண்டையில் அடைத்துக்கொள்ளும். வேகவைத்து மசித்துக் கொடுங்கள்.

கே: நிறையச் சாப்பிட்டால் உள்ளங்கை மஞ்சளாகுமாமே?

ப: ஆகும், கரோட்டின் தோலில் படிவதால். கண்ணின் வெள்ளைப் பகுதி மஞ்சளாகாமல் இருந்தால் பயப்பட வேண்டாம், குறைத்துக்கொண்டால் சில வாரங்களில் மறையும். கண்ணும் மஞ்சளானால் அது வேறு சங்கதி, உடனே மருத்துவரிடம் போங்கள்.

கே: ஃபிரிட்ஜில் வைக்கலாமா?

ப: வெட்டாத பச்சைக் கிழங்கை வைக்காதீர்கள். 12 டிகிரிக்குக் கீழே போனால் குளிர் தாக்கி, நடுப்பகுதி வேகவைத்தாலும் வேகாமல் கட்டையாக நிற்கும். காற்றோட்டமான இருட்டு மூலை போதும். வெட்டியதை மட்டும் மூடி ஃபிரிட்ஜில் வைத்து, ஓரிரு நாளில் தீர்த்துவிடுங்கள்.