ஹார்ட் ஃபெயிலியர் நோயாளிக்கு ஏன் தினமும் எடை பார்க்கிறோம்?

கால் வீக்கத்தைப் பார்த்தாலே தெரியுமே, எடை எதற்கு என்று கேட்டிருக்கிறீர்கள். வீக்கம் கண்ணுக்குத் தெரிவதற்குள் உடம்பில் பல லிட்டர் நீர் சேர்ந்துவிடும். 1 லிட்டர் நீர் 1 கிலோ. எடை மெஷின் அதை முன்பே காட்டிவிடும்.

இதயம் நின்றுபோவதல்ல ஹார்ட் ஃபெயிலியர். தேவையான ரத்தத்தை இதயத்தால் அனுப்ப முடியவில்லை. சிறுநீரகமோ உடம்பில் ரத்தமே குறைந்துவிட்டதுபோல் உப்பையும் நீரையும் பிடித்துவைக்கிறது. இதயத்தின் இடப்பக்கம் தளர்ந்தால் நீர் நுரையீரலில் தேங்கும்: படுத்தால் மூச்சுத் திணறும், தலையை உயர்த்தி வைக்கத் தலையணை கூடிக்கொண்டே போகும். வலப்பக்கம் தளர்ந்தால் கழுத்து நரம்பு புடைக்கும், கால் வீங்கும்.

காலையில் சிறுநீர் கழித்தபின், சாப்பிடுமுன், அதே மெஷினில், அதே மாதிரி உடையில் எடை பாருங்கள். ஒரு நாளில் 1 கிலோவுக்கு மேலோ வாரத்தில் 2 கிலோவுக்கு மேலோ ஏறினால் உடனே டாக்டரிடம் சொல்லுங்கள்.

படுத்த படுக்கையாக இருப்பவருக்குக் கால் வற்றியே இருக்கலாம். திருப்பிப் படுக்கவைத்து, முதுகின் அடியில் சேக்ரம் (இடுப்புக்குப் பின்னால் முதுகெலும்பின் கீழ்ப்பகுதி எலும்பு) மேல் சில விநாடி விரலால் அழுத்துங்கள். குழி விழுந்து நின்றால் நீர் அங்கேதான் இருக்கிறது. தயவுசெய்து இதை விட்டுவிடாதீர்கள்.

தேங்கிய நீரைச் சிறுநீராக வெளியேற்றும் ஃபுரோசமைடு மருந்தை நரம்பில் மெதுவாக ஏற்றுங்கள். அதிக டோஸை நிமிடத்துக்கு 4 மில்லிகிராமுக்கு மேல் வேகமாகச் செலுத்தினால் காது கேட்பது பாதிக்கும். இந்த மருந்தால் குறையக்கூடிய பொட்டாசியத்தையும் கவனியுங்கள்: அது குறைந்தால் டிகாக்சின் என்ற இதய மருந்து நஞ்சாகும். டிகாக்சினுக்கு முன் மார்பில் ஸ்டெத்தை வைத்து முழு 1 நிமிடம் துடிப்பை எண்ணுங்கள். 60க்குக் கீழே என்றால் கொடுக்காமல் டாக்டரைக் கேளுங்கள்.

இளஞ்சிவப்பு நுரையாகச் சளி வந்தால் அவசரம். நிமிர்த்தி உட்காரவைத்து, காலைத் தொங்கவிட்டு, ஆக்சிஜன் வைத்தபடியே டாக்டரைக் கூப்பிடுங்கள்.