இடுப்புக்கு லூஸ், தொடைக்கு டைட்: ஜீன்ஸ் கேள்வி பதில்

கேள்வியோட நாலு அளவு எழுதுங்க: இடுப்பு, சீட் (பின்புறம் பெருத்த இடத்துச் சுற்று), தொடை, கவுட்டி சுற்று (முன் இடுப்பில ஆரம்பிச்சு காலிடுக்கு வழியா பின் இடுப்பு வரை). அளவில்லாம கேட்டா ஒரு வரி பதில்தான்.

தக்கலை: அக்கா, இடுப்பு 29, சீட் 41, தொடை 25, கவுட்டி சுற்று 28. தொடைக்குச் சரியா எடுத்தா பின்னால இடுப்பில கையே போகுது. இரண்டரை இன்ச் லூஸ்.

சீட்டுக்கும் தொடைக்கும் பார்த்து வாங்கினீங்களே, அதான் சரி. இடுப்பைக் குறைக்கலாம். தொடையைப் பெரிசாக்க உள்ளே துணி இருக்காது. கடை ஜீன்ஸ் இடுப்புக்கும் சீட்டுக்கும் ஏறத்தாழ 10 இன்ச் வித்தியாசத்துக்கு வெட்டுவாங்க, உங்களுக்கு 12.

ஒரு பக்கத் தையல்லேருந்து மறுபக்கம் வரை பின்பட்டையைப் பிரிங்க. இரண்டரையை மூணு இடமாப் பங்கு வையுங்க. பின் நடுத்தையல்ல 1 இன்ச். யோக்கில (பின்பட்டைக்குக் கீழே வர்ற தனித் துண்டு), நடுவிலேருந்து ரெண்டு பக்கமும் இரண்டரை இன்ச் தள்ளி, அரை அரை இன்ச் டார்ட் (முக்கோணமாப் பிடிக்கிற தையல்). யோக் தையல்ல வந்து பூஜ்யமா முடியணும். மீதி அரையை ரெண்டு பக்கத் தையல்ல கால் காலா. டார்ட்டை உள்பக்கம் வெட்டித் திறந்து, சுத்தியலால லேசாத் தட்டி, அப்புறம் அயர்ன்.

பட்டை விஷயத்திலதான் பலரும் சறுக்குறாங்க. நேர்ப்பட்டையைச் சும்மா நீளம் குறைச்சு வச்சா மேல்விளிம்பு மறுபடி வாய் பிளக்கும். பின் நடுவில பட்டையைக் குறுக்கா வெட்டி, கீழ்விளிம்பில இரண்டரையும் மேல்விளிம்பில 3 இன்ச்சும் எடுத்து ஒட்டுங்க. ஒட்டுத் தெரியாது, மேலே லூப் வந்துடும்.

பாறசாலை: சேச்சி, எதுக்கு இத்தனை சுத்து? பின் நடுவிலேயே இரண்டரையையும் பிடிச்சா அரை மணிக்கூர் வேலை.

வேலை சீக்கிரம் முடியும் அண்ணே, உண்மை. ஆனா பின் பாக்கெட் ரெண்டும் மேல்பக்கம் நெருங்கிச் சாஞ்சிடும். நடுத்தையல் ரொம்பச் சரிஞ்சா அந்த ஓரம் குறுக்கிழையில (இழைக்குச் சாய்வா, கிராஸா) போகும், குறுக்கிழை இழுபடும். நாலு துவைப்பில பழைய லூஸ் திரும்பி வரும்.

பாறசாலை: பாக்கெட்டைப் பிரிச்சு நகர்த்தினா தீர்ந்துச்சு.

சாயம் போகாத புது டெனிம்னா நகர்த்துங்க. வாஷ் பண்ணின ஜீன்ஸ்ல பாக்கெட் இருந்த இடம் கரு நீலக் கட்டமா நிக்கும், சுத்தி ஊசி ஓட்டை வேற.

பாறசாலை: 1 இன்ச் வரை நீங்களே நடுவில பிடிக்கிறீங்க. அந்தக் கணக்கு எங்கேருந்து?

இது நல்ல கேள்வி. 1 இன்ச்னா பக்கத்துக்கு அரை. அது கீழே இறங்க இறங்கக் குறைஞ்சு, பாக்கெட் உயரத்தில கால் இன்ச்சுக்குப் பக்கமா நிக்கும், கண்ணுக்குத் தெரியாது. பெரிய காரணம் உடம்பு. முதுகெலும்பு மேல குழிவு கொஞ்சம்தான். அதுக்கு ரெண்டு பக்கமும் இரண்டு, மூணு இன்ச் தள்ளித்தான் சீட் மேடு தொடங்குது. துணியை அங்கே பிடிக்காம நடுவில பிடிச்சா, நடு இறுகும், பக்கம் லூஸாவே நிக்கும். கண்ணாடியில பக்கவாட்டா நின்னு பார்க்கச் சொல்லுங்க.

மார்த்தாண்டம்: ரெண்டு பேரும் விடுங்க, பின்பட்டைக்குள்ள எலாஸ்டிக் போட்டா?

சின்னப் பிள்ளைங்களுக்குப் போடுங்க. பெரியவங்களுக்குச் சுருக்கம் தெரியும், பெல்ட்டும் படியாது.

களியக்காவிளை: பழைய ஜீன்ஸ் ஒண்ணு அச்சா உட்காருது. பிரிக்காம அதே மாதிரி வெட்டணும்.

முதல்ல அதைத் துவைச்சு காய வையுங்க. போட்டுக் கழட்டினதில முட்டியும் சீட்டும் பெருத்திருக்கும். தெர்மாகோல் மேல பிரவுன் பேப்பர், அதுக்கு மேல ஒரு கால். முன்துண்டு மட்டும் சுருக்கமில்லாமப் படியணும். தையல் கோடு வழியா குண்டூசியை நேர் செங்குத்தாக் குத்துங்க: நேர்க்கோட்டில 2 இன்ச்சுக்கு ஒண்ணு, வளைவில அரை இன்ச்சுக்கு ஒண்ணு. எடுத்துட்டு ஓட்டைகளைச் சேர்த்துக் கோடு. முன்காலின் நடுவில ஓடுற நீல இழை ஒண்ணைச் சாக்கால வரைஞ்சு அதையும் பேப்பருக்கு மாத்துங்க, இல்லேன்னா கால் திருகும்.

பின்துண்டு ஒரே தடவையில படியாது. முட்டிக்கு மேல தனி, கீழே தனி. கவுட்டி வளைவுக்குச் சோல்டரிங் ஈயக்கம்பியை வளைச்சு வச்சு அப்படியே பேப்பர்ல வரையுங்க. பின்பக்க உள்தையல் முன்பக்கத்தைவிடக் கால் இன்ச் குறைவா வந்தா “தப்பு”ன்னு திருத்தாதீங்க. இழுத்துத் தைக்கறதுக்குன்னே அப்படி வெட்டுவாங்க. தையல் விடுப்பு 5/8 இன்ச், அடி மடிப்புக்கு ஒன்றரை.

முதல்ல காடாத்துணியில வெட்டிப் போட்டுப் பாருங்க. பழசு ஸ்ட்ரெச்னா காடா பொய் சொல்லும், ஸ்ட்ரெச் துணியிலயே சோதிக்கணும். துவைக்காத டெனிம்ல கத்திரி வைக்காதீங்க. ஆலையிலேயே சுருக்கம் எடுத்த துணியே 3 சதவீதம் வரை இறங்கலாம்: 40 இன்ச் நீளத்தில 1.2 இன்ச். சுருக்கம் எடுக்காததுன்னா 7லேருந்து 10 சதவீதம்.

குழித்துறை: எனக்கு வயிறு பெரிசு, கால் ஒல்லி. எந்த ஜீன்ஸும் வயித்துக்குக் கீழே வழுக்குது.

இடுப்பு சைஸைக் கூட்டிக்கிட்டே போகாதீங்க. குறைவு முன் உயரத்தில. பேட்டர்ன்ல முன் நடுவை முக்கால் இன்ச் மேலே ஏத்தி, பக்கத் தையல்ல பூஜ்யமாக் கொண்டு வாங்க. கடையில வாங்கறதுன்னா பின்னால உயரம், முன்னால தாழ்வா இருக்கறதைத் தொடவே தொடாதீங்க.

நாகர்கோவில்: சீட் தட்டை. கீழே துணி தொங்குது.

பின் கவுட்டி நுனியில உள்தையலை அரை இன்ச் பிடிச்சு, முட்டிக்கு மேலயே பூஜ்யமாக்குங்க.

திருவட்டாறு: தச்ச பிறகு துவைச்சுக்கலாமா?

மேலே படிங்க.

அருமனை: இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழையில துணி காயாது. ஒருதரம் துவைக்காம வெட்டினா என்ன?

என்னவா? பட்டை சுருங்கி பட்டன் எட்டாது. ஃபேனுக்கடியில தொங்க விடுங்க. இந்தக் கேள்விக்கு இனி பதில் இல்லை.

கொல்லங்கோடு: அடி மடிப்புல ஊசி ஒடிஞ்சுகிட்டே இருக்கு.

16 நம்பர் போட்டிருந்தா 18க்கு மாறுங்க. தையல் சேருற முடிச்சைச் சுத்தியலால தட்டிச் சப்பையாக்குங்க. பிரஸ்ஸர் ஃபுட் (துணியை அழுத்திப் பிடிக்கிற பாதம்) மேட்டில ஏறும்போது பின்னால அதே தடிமனுக்கு மடிச்ச டெனிம் துண்டை வையுங்க, ஃபுட் மட்டமா நிக்கும். மேல் தையல் நீளம் மூன்றரை, நாலு மில்லிமீட்டர்.

பளுகல்: லெஹங்கா இடுப்பு குறைக்கணும்.

பிளவுஸ் தைக்கிற அக்காகிட்ட கேளுங்க.

பாறசாலை: சேச்சி, கடைசியா ஒண்ணு. வலது காலோட வெளித்தையல் முன்னங்கால் மேல திரும்பி வருது. பிரிச்சுத் தச்சா சரியாகுமா?

ஆகாது அண்ணே. துணி மிச்சம் பிடிக்க இழையைச் சாய்ச்சு வெட்டியிருப்பாங்க, இல்லேன்னா ட்வில் (சாய்கோட்டு) நெசவே துவைச்சதும் திரும்பியிருக்கும். வாங்கும்போது காலை மடிச்சு மேசையில போடுங்க. உள்தையலும் வெளித்தையலும் ஒண்ணு மேல ஒண்ணு படியணும். அடியில அரை இன்ச்சுக்கு மேல விலகினா அங்கேயே திருப்பிக் குடுத்துடுங்க.