ஓடாத படம், தேடுற படம்

கேள்வி: அன்பே சிவம் தியேட்டர்ல ஓடல, இப்போ தலையில தூக்கி வச்சு கொண்டாடுறாங்க. அப்போ பார்த்த ஜனங்களுக்கு ரசனை இல்லன்னு அர்த்தமா? (வாசகர், கோவில்பட்டி)

இல்லங்க, இந்த பழிய ஜனங்க மேல போடுறது எனக்கு சுத்தமா பிடிக்காது. 2003 பொங்கல் அது, விக்ரமோட தூள் வேற பக்கத்து தியேட்டர்ல ஓடுது, பண்டிகைக்கு புள்ளகுட்டியோட கிளம்பி வந்தவங்க ஆட்டம் பாட்டம்னு எதிர்பார்த்து உட்கார்ந்தா, முகமெல்லாம் தழும்போட ஒருத்தர் புவனேஸ்வர் ஏர்போர்ட்ல உட்கார்ந்து கம்யூனிசம் பேசிட்டு இருக்காரு, கனமா தான இருக்கும். அதே ஆளுங்க ஞாயித்துக்கிழமை மத்தியானம் சாப்ட்டு சாஞ்சிருக்கும்போது டிவில படம் பாதில இருந்து ஓடுச்சுன்னா எந்திரிக்க மாட்டாங்க. அடுத்த தடவ முதல்ல இருந்து பார்ப்பாங்க, அதுக்கடுத்த தடவ பக்கத்து வீட்டுக்காரங்களையும் கூப்பிட்டு உட்கார வைப்பாங்க. "காலத்துக்கு முந்தின படம்"னு சொல்றாங்களே, எனக்கு அதுல நம்பிக்கை இல்ல, திரும்ப திரும்ப கண்ணுல பட்டதால தான் அந்த படம் நின்னுச்சு.

அமெரிக்காவுலயும் இதே கதை தான். 1946ல ஃபிராங்க் காப்ரா எடுத்த இட்ஸ் எ வொண்டர்ஃபுல் லைஃப் படத்துக்கு ஆஸ்கர் நாமினேஷன் 5 கிடைச்சும் போட்ட காசு வரல. 1974ல காப்பிரைட்ட புதுப்பிக்காம விட்டுட்டாங்க, உடனே எந்த சேனல் வேணா ரைட்ஸ் வாங்காம போடலாம்னு ஆகி, வருஷா வருஷம் கிறிஸ்துமஸுக்கு போட்டு போட்டு இன்னைக்கு அங்க கிறிஸ்துமஸ்னாலே அந்த படம் தான்.

கேள்வி: இனிமே பார்க்கவே முடியாத படம்னு நம்மகிட்ட இருக்கா? (வாசகர், ஈரோடு)

நிறைய. நடராஜ முதலியார் கீழ்ப்பாக்கத்துல எடுத்த ஊமைப்படம் கீசக வதம், தென்னிந்தியாவோட முதல் கதைப்படம், ஒரு பிரிண்ட் கூட மிஞ்சல. 1931ல வந்த முதல் தமிழ் பேசும்படம் காளிதாஸும் அப்படித்தான் போச்சு. நினைச்சா வயிறு எரியுது.

கேள்வி: அவள் அப்படித்தான் பெரிய படம்னு அப்பா சொல்லிட்டே இருக்காரு. என் ஃப்ரெண்ட்ஸ்ல ஒருத்தர் கூட பார்த்ததில்ல, ஏன்? (வாசகி, தஞ்சாவூர்)

அப்பா சொல்றது நூத்துக்கு நூறு சரி. 1978 தீபாவளிக்கு வந்துச்சு, கமல், ரஜினி, ஸ்ரீப்ரியா, இளையராஜா பாட்டு, இதுக்கு மேல என்ன வேணும்? ஆனா ஊரெல்லாம் கலர்ல எடுத்துட்டு இருக்கும்போது இது கருப்பு வெள்ளை, அதே தீபாவளிக்கு கமலோட சிகப்பு ரோஜாக்கள் வேற. ஸ்ரீப்ரியா பண்ண மஞ்சு மாதிரி ஒரு பொண்ண அதுக்கு முன்னாடியும் சரி, பின்னாடியும் சரி நான் தமிழ்ப்படத்துல பார்த்ததில்ல, அவ கோவக்காரி, ஏமாந்தவ, யாரையும் நம்பாதவ, கடைசில அவள திருத்தி குத்துவிளக்கு ஏத்த வைக்கல பாருங்க, அதுக்காகவே டைரக்டர் ருத்ரையாவ கும்பிடலாம். அதே வருஷம் வந்த முள்ளும் மலரும் படத்த ரஜினி ரசிகர்களே தோள்ல சுமந்து இதுவரைக்கும் கொண்டு வந்துட்டாங்க, ஆனா அவள் அப்படித்தான்ல அவரு பொம்பளைங்கள மட்டமா பேசுற ஆபீஸ் முதலாளி, எந்த ரசிகர் கட்அவுட் வைப்பாரு சொல்லுங்க. டைரக்டர் தொடர்ந்து படம் எடுத்திருந்தா புது படம் வரும்போதெல்லாம் பழசையும் ஜனங்க தேடியிருப்பாங்க. ருத்ரையா 1980ல கிராமத்து அத்தியாயம் எடுத்தாரு, அதோட சரி, 2014ல போய் சேர்ந்துட்டாரு. உறவுகள் தொடர்கதை பாட்டு தெரியாதவங்க கிடையாது, அது எந்த படம்னு கேளுங்க, பாதி பேர் முழிப்பாங்க.

நான் பார்த்ததெல்லாம் மங்கிப்போன காப்பி தான், ஆனாலும் மூணு தடவ பார்த்துட்டேன். நீங்க அப்பாவோட உட்கார்ந்து பாருங்க, அவரு அத எந்த ஊர்ல எந்த தியேட்டர்ல பார்த்தாருன்னு கேட்டு எனக்கு ஒரு கடுதாசி போடுங்க.