தேனீ வளர்ப்பு: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: இணையத்தில் கிடைத்த அளவுகளை ஆசாரியிடம் கொடுத்து, கென்யா முறை டாப் பார் பெட்டி (சட்டங்கள் இல்லாமல், மேலே வரிசையாக அடுக்கிய கட்டைகளிலிருந்தே அடைகள் தொங்கும் பெட்டி) ஒன்றைச் செய்து, அடுக்குத் தேனீக் கூட்டம் ஒன்றைக் குடியேற்றினேன். கட்டைகளின் அகலம் 35 மி.மீ. முதல் இரண்டு அடைகள் நேராக வந்தன; அதன்பின் கட்டியவை கோணலாகிப் பக்கத்துக் கட்டையோடு ஒட்டிக்கொண்டன. ஒரு கட்டையைத் தூக்கினால் மூன்று சேர்ந்து வருகின்றன. என்ன செய்யலாம்?
– வாசகர், திருவட்டாறு

பதில்: உங்கள் கட்டைகளின் அகலம் அதிகம். 35 மி.மீ. என்பது ஐரோப்பியத் தேனீக்கு உரிய அளவு. 1970களின் தொடக்கத்தில் கென்யாவில் இந்தப் பெட்டி உருவானபோதே, அங்குள்ள தேனீ சற்றுச் சிறியது என்பதால் கட்டைகளை 32 மி.மீ. அகலத்தில் அமைத்தார்கள். நம் அடுக்குத் தேனீ அதைவிடவும் சிறியது. ஓர் அடையின் நடுவிலிருந்து அடுத்த அடையின் நடுவுக்கு ஏறத்தாழ 30 மி.மீ. விட்டே கட்டும். ஆகவே உங்கள் பெட்டியில் ஒவ்வோர் அடையும் தன் கட்டையின் நடுவிலிருந்து 5 மி.மீ. விலகிக்கொண்டே போய், நான்காவது அடை இரண்டு கட்டைகள் சேரும் இணைப்பின்மேலேயே வந்து விழுகிறது. கூட்டம் தன் கணக்கில் சரியாகத்தான் கட்டியிருக்கிறது.

புதிய கட்டைகளை 30 மி.மீ. அகலத்தில் இழைத்து வாங்குங்கள். ஒவ்வொன்றின் அடிப்புறத்திலும் நடுவாக ஒரு மெல்லிய மரவிளிம்பு இருக்கட்டும். அதன்மேல் உருக்கிய தேன்மெழுகைத் தடவுங்கள். நேரான இரண்டு அடைகளுக்கு நடுவே வெறுங்கட்டையைச் செருகினால், இருபுறமும் இருக்கும் அடைகளைப் பின்பற்றிப் புதிய அடை நேராக இறங்கும். பெட்டி இருபுறமும் சமமட்டமாக நிற்கிறதா என்பதையும் ரசமட்டம் வைத்துப் பாருங்கள், ஏனெனில் தேனீக்கள் பெட்டியின் சாய்வை மதிப்பதில்லை, அடையைச் செங்குத்தாகவே தொங்கவிடும்.

இப்போது ஒட்டியிருப்பவற்றை மாலை நேரத்தில், சிறிதளவு புகை கொடுத்து, நீண்ட மெல்லிய கத்தியால் பிரியுங்கள். பக்கச்சுவரில் ஒட்டிய இடத்தைக் கீழிருந்து மேலாகத்தான் அறுக்க வேண்டும். மேலிருந்து அழுத்தினால் அடை கட்டையைவிட்டே பிய்ந்துவிடும். வெள்ளையாக இருக்கும் புது அடை விரலால் தள்ளினாலே நேராகிவிடும். முட்டையும் புழுவும் உள்ள அடையை வெட்டி எடுக்க நேர்ந்தால், அதைப் புதிய கட்டையின் அடியில் பொருத்தி, நனைத்த வாழைநாரால் சுற்றிக் கட்டுங்கள். அறைகளின் வாய் சற்று மேல்நோக்கி இருப்பதைக் கவனித்து, தலைகீழாகாமல் கட்டுவது முக்கியம். சில நாட்களில் தேனீக்கள் அடையைக் கட்டையோடு மெழுகால் இணைத்து, நாரைக் கடித்துக் கழிக்கத் தொடங்கும். தேன் நிறைந்த அடையை இப்படிக் கட்டிவைக்க முயலாதீர்கள், பாரம் தாங்காது. அதை அறுவடையாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

இந்த வேலை எல்லாவற்றையும் தவிர்க்க ஒரே வழி, தேன் வரத்துக் காலத்தில் வாரம் ஒருமுறை புதிதாகக் கட்டும் அடையைப் பார்ப்பதுதான். “டாப் பார் பெட்டியைத் தொடவே வேண்டாம்” என்று சிலர் சொல்வதை நான் ஏற்பதில்லை. உள்ளங்கை அளவில் கோணியதைத் திருத்த ஒரு நிமிடம் போதும். விட்டால் அடுத்து வரும் அடைகள் அத்தனையும் அந்தக் கோணலையே பின்பற்றும்.

கேள்வி: டாப் பார் பெட்டியின் அடைகளைத் தேன் எடுக்கும் இயந்திரத்தில் வைத்துச் சுற்றலாமா?
– வாசகர், குலசேகரம்

பதில்: கூடாது. நான்கு பக்கச் சட்டம் இல்லாததால் அடை நொறுங்கிவிடும். முக்கால் பங்குக்கு மேல் மெழுகு மூடியிட்ட அடைகளை மட்டும், கட்டையில் ஒரு விரல் அகலம் விட்டு அறுத்து, பிசைந்து, துணியில் வடிகட்டுங்கள். மிச்சம் விட்ட துண்டே அடுத்த அடைக்கு வழிகாட்டி. உங்கள் பகுதியில் ரப்பர் துளிர்க்கும்போது இலைக்காம்பில் சுரக்கும் இனிப்புநீர்தான் தேனாகிறது. அதில் இயல்பாகவே நீர் சற்று அதிகம் என்பதால், மூடாத அடையை அவசரப்பட்டு எடுத்தால் தேன் புளித்துவிடும். அடையைத் தூக்கும்போது ஒருபோதும் படுக்கவைக்காதீர்கள். வெயில் ஏறிய வேளையில் மெழுகு இளகியிருக்கும், சொந்தப் பாரத்திலேயே முறியும்.

கேள்வி: பழைய அடைகள் கறுத்துப்போய், நூலாம்படை போலப் பின்னல் தெரிகிறது. போன மழைக்காலத்தில் ஒரு கூட்டம் ஓடியும்போனது. புழு அடையை (தேனீயின் புழுக்கள் வளரும் அடையை) வெட்டலாமா?
– வாசகர், அருமனை

பதில்: அந்தப் பின்னல் மெழுகு அந்துப்பூச்சியின் புழுக்கள் நூற்றது. அடை கறுப்பதற்குக் காரணம் வேறு: தேனீயின் புழு வளர்ந்து தேனீயாக வெளியேறும் ஒவ்வொரு முறையும் அதன் கூட்டுறை அறைக்குள் தங்குவதால், அடை கறுத்து, அறையும் குறுகிவிடுகிறது. அடுக்குத் தேனீக்குப் பழைய அடை பிடிப்பதில்லை. தானே கடித்து உதிர்க்கும், நிலைமை மிஞ்சினால் கூட்டைவிட்டே போய்விடும். ஆகவே கறுத்த அடைகளை, ராணி அவற்றில் இல்லை என்று உறுதிசெய்துகொண்டு, வாசலிலிருந்து தள்ளித் தள்ளி ஓரத்துக்குக் கொண்டுபோங்கள். உள்ளிருக்கும் தேனீப் புழுக்கள் எல்லாம் தேனீயாகி வெளிவந்தபின் அறுத்துவிடலாம். கூட்டம் வலுவாக இருந்து மகரந்தம் வரும் காலத்தில் ஒன்றிரண்டாகச் செய்ய வேண்டிய வேலை இது. மழைக்காலத்தில் செய்தால் புது அடை கட்ட அவற்றிடம் தெம்பு இருக்காது.

மழை தொடங்குமுன், தேனீக்கள் மொய்த்து மூடாத வெற்று அடைகளை எடுத்துவிட்டு, பெட்டிக்குள் இடத்தைப் பிரிக்கும் தடுப்புப் பலகையை நெருக்கிவைத்து இடத்தைச் சுருக்குங்கள். கடைசி அறுவடையில் எல்லாத் தேனையும் எடுக்காமல், புழு அடையை ஒட்டிய தேன் அடைகளை அவற்றுக்கே விடுங்கள். அறுத்த கறுப்பு அடைகளை அன்றே வெந்நீரில் உருக்கி மெழுகாக்கிவிடுங்கள். பெட்டிக்குக் கீழே போட்டுவைத்தால், அந்துப்பூச்சி அங்கே பெருகி மறுபடி உள்ளே வரும்.